தூண் இல்லாத போர்டிகோ

கோபம் என் மூக்கு நுனியிலேயே குடியிருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கிளாட்சன் சொல்வார். மஸ்கட்டில் இருந்துகொண்டு சொல்வதால் எனக்கு அது அவ்வளவாக உறைப்பதில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் நன்றாக உறைக்கும். நாற்பத்திரண்டு பேர், ஆறு கம்ப்யூட்டர், அதில் ஒன்று ஓடாது. ஒரே மவுசை எட்டுக் கைகள் பிடித்து இழுக்கும்போது புன்னகையோடு நிற்க நான் ஒன்றும் மாதா கோயில் சுரூபம் இல்லை.

எங்கள் பள்ளி நீடாமங்கலத்தில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம். பழைய நோட்டெல்லாம் செல்லாமல் போனதற்கு அடுத்த வருஷம் எங்களுக்கு ஒரு புதுப் பாடம் வந்தது. முப்பரிமாண வடிவமைப்பு. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து கம்ப்யூட்டர்களை வாங்கிக் கொடுத்து, கூடவே ஒரு மென்பொருளையும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். திரையில் ஒரு கட்டம் வரைந்து, அதைப் பிடித்து மேலே இழுத்தால் சுவர் எழும்பிவிடும். சுவரில் ஒரு கட்டம் வரைந்து உள்ளே தள்ளினால் ஜன்னல். வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம், கூரைக்கு மேலே பறக்கலாம், தரைக்கு அடியில் போய் நிமிர்ந்தும் பார்க்கலாம். முதல் நாள் நான் இழுத்துக் காட்டியபோது வகுப்பே “ஓ” என்று கத்தியது. பக்கத்து வகுப்பு சமூக அறிவியல் டீச்சர் வந்து முறைத்துவிட்டுப் போனார்.

அவரவர் வீட்டை அளந்து வரச் சொன்னேன். ஒருவன் அடியில் அளந்து வந்தான், ஒருத்தி முழத்தில். இன்னொருவன் சுவரில் இருந்த செங்கல்லை எண்ணி எழுதிக்கொண்டு வந்தான். ஒரு பிள்ளை போட்ட கொட்டகையில் மாடு தரையிலிருந்து நாலடி மேலே அந்தரத்தில் நின்றது. எல்லோரும் சிரித்தோம், நானும்தான். எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது. அந்த இரண்டு மாதங்கள் போல நான் சந்தோஷமாகப் பாடம் நடத்தியதே இல்லை.

வகுப்பிலேயே நன்றாகப் போட்டவள் செம்மொழி. கேட்டைத் தாண்டி ஆறு கிலோமீட்டரில், கோரையாற்றங்கரையில் அவள் ஊர். அப்பா நெடுமாறன் சிங்கப்பூரில் கட்டட வேலை. ஊரில் அவர்கள் சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. அந்த வீட்டைத்தான் அவள் போட்டாள். கூடம், இரண்டு அறை, சமையல்கட்டு, மாடிப்படி. வாசலில் பத்தடி முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு போர்டிகோ. போர்டிகோவின் முன்மூலைகளில் இரண்டு தூண்.

தஞ்சாவூரில் ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள். பரிசு வாங்கியே ஆகவேண்டும் என்று எனக்கு வெறி. அவள் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்தத் தூண் ரெண்டுதான் யானைக்கால் மாதிரி அசிங்கமா இருக்கு. எடுத்துடு” என்றேன்.

“எடுத்தா விழுந்துடாதா மிஸ்?”

“கம்ப்யூட்டர்ல என்னடி விழப்போவுது? எடுன்னா எடு.”

எடுத்தாள். போர்டிகோ அப்படியே நின்றது. முகப்பு சட்டென்று அகலமாகி, வெளிநாட்டுப் பத்திரிகையில் வரும் வீடு போல ஆகிவிட்டது. இரண்டாம் பரிசு கிடைத்தது. போட்டிக்கு அனுப்பும் படத்தில் தலைமையாசிரியரின் கையெழுத்தும் பள்ளியின் முத்திரையும் வேண்டும் என்று விதி. எங்கள் தலைமையாசிரியர் குழந்தைராஜ் சார் இரண்டு பிரதியிலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரையை அழுத்திக் குத்தினார். ஒரு பிரதி தஞ்சாவூருக்குப் போனது. இன்னொன்றைச் செம்மொழி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அதோடு நான் அதை மறந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, இரண்டாம் பீரியட். ஆற்றில் அப்போதுதான் தண்ணீர் வந்து, ஊரெல்லாம் நாற்று விடும் பரபரப்பு. செம்மொழி என் மேஜை அருகில் வந்து நின்றாள்.

“மிஸ், எனக்கு இப்பவே வீட்டுக்குப் போவணும். அனுப்புவீங்களா?”

“ஏன், உடம்பு சரியில்லையா?”

“இல்ல மிஸ். போர்டிகோ தளத்துக்கு முட்டுக் குடுத்திருந்த சென்ட்ரிங்கப் பிரிக்கிறாங்க. பத்தரைக்கு மேல. அப்பாவுக்கு அப்பத்தான் சாப்பாட்டு நேரம், வீடியோவுல பாக்கப்போறாங்க. நானும் இருக்கணும்னாங்க.” அவள் முகமெல்லாம் சிரிப்பு. “நீங்க சொன்ன மாதிரியேதான் மிஸ். தூணே இல்ல.”

நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிய எழுத்து பாதியில் நின்றது.

“தூண் இல்லாம எப்படிடி?”

“நம்ம படத்தப் பாத்துத்தான் மிஸ் கட்டுறாங்க. அப்பா அதையேதான் கட்டணும்னு சொல்லிட்டாங்க.”

எனக்குப் பயம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்த பயம் அந்த வீட்டைப் பற்றியது இல்லை. என் வேலையைப் பற்றியது. அடுத்த நொடி, அந்தக் கூரைக்குக் கீழே யாராவது நிற்பார்கள் என்று தோன்றியது. மணி பத்து பன்னிரண்டு.

அவள் அம்மா பொன்னுத்தாயின் எண்ணுக்கு அடித்தேன். வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. மறுபடி அடித்தேன். அதேதான். மேஸ்திரியின் எண் செம்மொழிக்குத் தெரியவில்லை. உடனே மஸ்கட்டுக்கு அடித்தேன். கிளாட்சன் சிவில் டிப்ளமோ படித்தவர், அங்கே ஒரு சைட்டில் மேற்பார்வை.

“எவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்கு?” என்றார்.

“பத்தடி.”

“பத்தடியா? கீழ தூண் இல்லாமலா? முட்டெல்லாம் இருக்கா?”

“இன்னும் கொஞ்ச நேரத்துல பிரிக்கப்போறாங்க.”

எப்போதும் என்னைக் கிண்டல் செய்யும் மனிதர், அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. “இந்த மாதிரி நீட்டுற தளத்துக்குக் கம்பி மேல்பக்கம் வரணும். நம்ம ஊர் மேஸ்திரிங்க எல்லாத் தளத்துக்கும் கட்டுற மாதிரி அடியில கட்டியிருப்பாங்க. அப்படிக் கட்டியிருந்தா முட்டுகள எடுத்ததும் சுவத்தோரமா ஒடிஞ்சு வந்துடும். பிரிக்க விடாத. கீழ ஆள் நிக்க விடாத. போ, போன வச்சிட்டுப் போ.”

குழந்தைராஜ் சாரின் அறைக்கு ஓடினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் வெளுத்துவிட்டது.

“பச்சை மையில போட்டது நானாச்சேம்மா” என்றார்.

“சார், அத அப்புறம் பாத்துக்கலாம். பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போறேன்.”

“போ, போ. முதல்ல நிறுத்து. ஆனா அங்க போயி எதையும் ஒத்துக்கிட்டு நிக்காத, என்ன? அந்தக் காயிதத்தையும் எப்படியாவது கையோட வாங்கிட்டு வந்துடு.”

செம்மொழியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். கடைத்தெருவைத் தாண்டினால் கேட். கேட் மூடியிருந்தது. நீடாமங்கலத்துக்காரர்களுக்கு நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே கேட் மூடினால் ஒரு ரயில் போய்விட்டது என்று யாரும் வண்டியைக் கிளப்பமாட்டார்கள். திசை திரும்பும் ரயிலின் என்ஜினைக் கழற்றி, அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் மாட்டும்வரை கேட் திறக்காது. பஸ்ஸில் இருப்பவர்கள் இறங்கி டீ குடித்துவிட்டு வருவார்கள்.

அன்றைக்கும் என்ஜின் தனியாக முன்னும் பின்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. மணி பத்து இருபத்தைந்து. போன் அடித்தேன், வேறொரு அழைப்பு. செம்மொழி என் தோளைப் பிடித்திருந்த கை இறுகியது.

“மிஸ், விழுந்துடுமா?”

“ஒண்ணும் ஆவாது. சும்மா இரு.”

“எங்க அம்மா கீழதான் மிஸ் நிக்கும். அப்பாவுக்கு அடிப்பக்கம் காட்டுறேன்னு சொல்லிச்சு.”

அதைக் கேட்டபிறகு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வண்டியைச் சாய்த்து கேட்டுக்கு அடியில் நுழைக்கப் பார்த்தேன். கேட்கீப்பர் விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். “ஏம்மா, படிச்சவங்கதானே நீங்க? பிள்ளைய வேற வச்சுக்கிட்டு!” சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு நாளாக இருந்தால் அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அன்றைக்கு வண்டியைப் பின்னால் எடுத்தேன். மனசுக்குள் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் மறந்து, மறுபடி ஆரம்பித்தேன். பன்னிரண்டு நிமிஷம். எண்ணிக்கொண்டே இருந்தேன்.

கேட் திறந்ததும் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஆற்றங்கரைச் சாலையில் எதிரே வந்த விதைநெல் வண்டிக்காரர் என்னைத் திட்டியது மட்டும் நினைவிருக்கிறது.

வீடு தூரத்திலேயே தெரிந்தது. படத்தில் இருந்த அதே முகப்பு. பார்த்ததும் எனக்கு உடம்பு கூசியது. போர்டிகோவுக்கு அடியில் சவுக்கு முட்டுகள் வரிசையாக நின்றிருக்கவேண்டும். பாதிக்கு மேல் தரையில் கிடந்தன. இரண்டு ஆட்கள் அடுத்த முட்டுக் கம்பைச் சம்மட்டியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். நட்டநடுவில் பொன்னுத்தாய், தலைக்கு மேலே போனைத் தூக்கிப் பிடித்து, சிரித்தபடி நின்றிருந்தாள்.

“அக்கா, வெளிய வாங்க! வெளிய வாங்க!”

அவள் என்னைப் பார்த்து இன்னும் சிரித்தாள். “வாங்க மிஸ், வாங்க! இதோ பாருங்க, மிஸ்ஸே வந்துட்டாங்க” என்று போனுக்குச் சொன்னாள். நான் வீட்டைப் பார்க்க வந்திருப்பதாக நினைத்துக்கொண்டாள்.

வண்டியை நிறுத்துவதற்குள் செம்மொழி குதித்துவிட்டாள். “அம்மா” என்று ஒரு அலறல். நேராக அந்தக் கூரைக்கு அடியிலேயே ஓடினாள். பதிமூன்று வயதுப் பிள்ளை போகிறாள், நான் நிற்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது. அவள் அம்மாவின் இடுப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சம்மட்டிக்காரர்களும் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே வந்தார்கள்.

அல்லா பிச்சை மேஸ்திரி வேலியோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூத்தாநல்லூர்க்காரர். வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதிக்கும் சபுராளிகள் வீடு ஐம்பது அறுபது கட்டியவர். எழுந்து வந்தார்.

“என்ன டீச்சரம்மா, வேலை நடக்கற இடத்துல வந்து இப்படிக் கத்துறீங்க?”

“பிரிக்காதீங்க. அது நிக்காது.”

“நிக்காதா?” சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் விரித்தார். மடித்து மடித்து நைந்துபோயிருந்தது. “இத நீங்கதானே குடுத்தீங்க? பாருங்க, பச்சை மையில கையெழுத்து, ரவுண்டு சீல். தூண் வேணும், தூண் வேணும்னு நான் மூணு தடவை சொன்னேன். நெடுமாறன்தான் கேக்கல. பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்து, ஹெட்மாஸ்டர் ஒப்புதல் குடுத்திருக்காரு, உங்களுக்கென்னன்னாரு. பச்சை மைக்கு மேல நான் என்னத்தப் பேசறது? நானும் கம்பிய நெருக்கித்தான் போட்டிருக்கேன்.”

“மேலயா, அடியிலயா?”

“அடியிலதான். எல்லாத் தளத்துக்கும் போடுற மாதிரி.”

“மேல ஏறி, சுவர் ஓரமாப் பாத்துட்டு வாங்க. தயவுசெஞ்சு.”

என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, தர்க்கம் பண்ணாமல் மாடிப்படி வழியாக ஏறிப்போனார். சுவர் ஓரத்தைத் தாண்டி வராமல் அங்கேயே குந்தி உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தார். இறங்கி வந்தபோது வேறு ஆளாக இருந்தார்.

“இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் வெடிப்பு ஓடியிருக்கு” என்று என்னிடம் மெல்லச் சொன்னார். உடனே ஆட்கள் பக்கம் திரும்பி, “டேய், யாரும் உள்ள போவாதீங்க. வெளியில நின்னபடியே ஓரத்துக்கு முட்டு குடுங்க. மெதுவா, தட்டாதீங்க, ஆப்பு வச்சு இறுக்குங்க” என்று கத்தினார்.

முன்விளிம்பில் ஒவ்வொரு முட்டாக ஏறியது. மேலேயிருந்து சிமெண்ட் பொருக்கு ஒன்று உதிர்ந்தபோதெல்லாம் எல்லோரும் பின்னால் நகர்ந்தோம். ஐந்தாவது முட்டு இறுகியபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதுவரை பொன்னுத்தாயின் கையில் இருந்த போன் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. “யாரு நிறுத்தச் சொன்னது? என்னன்னு சொல்லுங்களேன்!” பொன்னுத்தாய் மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினாள்.

திரையில் மஞ்சள் ஹெல்மெட், வியர்த்த முகம், பின்னால் ஒரு கிரேன். நெடுமாறனை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

“வெடிச்சிருக்குங்க. தூண் இல்லாம நிக்காது” என்றேன்.

“மிஸ், இங்க நான் வேலை பாக்குற கட்டடத்துல எல்லா பால்கனியும் தூண் இல்லாமத்தான் தொங்குது. கம்ப்யூட்டர்லயும் நின்னுச்சே?”

“கம்ப்யூட்டர்ல எதுவும் விழாதுங்க. நாங்க போட்டதுல எடையே கிடையாது. அது வெறும் படம்.”

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“எங்கப்பா பண்ணையில வேலை பாத்தவரு மிஸ். பெரிய வீட்டு வாசல்ல ரெண்டு தூண் இருக்கும். அதத் தாண்டி நாங்க உள்ள போவக்கூடாது. கூலி நெல்லு அளந்து போடுறவரைக்கும் வெயிலோ மழையோ, தூணுக்கு வெளியிலதான் நிப்போம். அவரு காலப் புடிச்சுக்கிட்டு நானும் நின்னிருக்கேன். பாப்பா அனுப்பின படத்துல பாத்தா, தூணே இல்ல. இங்க ரூம்ல எல்லார்கிட்டயும் காட்டினேன். அழுதுட்டேன். நான் ஒரு நாளும் அவகிட்ட இதையெல்லாம் சொன்னதில்ல, எப்படித் தெரிஞ்சுச்சுன்னு…” நிறுத்திவிட்டுக் கேட்டார். “அவளா யோசிச்சு எடுத்ததுதானே மிஸ்?”

செம்மொழி என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோருக்கும் நல்லது, ஒத்துக்கொள்ளாதே என்று சார்கூடச் சொல்லித்தான் அனுப்பினார். சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

“இல்லைங்க” என்றேன். “பாக்க அசிங்கமா இருக்குன்னு நான்தான் எடுக்கச் சொன்னேன். பரிசு வாங்கறதுக்காக. எடுத்தா விழுந்துடாதான்னு அவ என்னைக் கேட்டா. நான் திட்டி எடுக்க வச்சேன். தப்பு என்னுதுதான்.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“விழுந்துடாதான்னு கேட்டாளா?”

“கேட்டா.”

“அப்ப சரி” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டது வியர்வைக்கா, வேறு எதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. “மேஸ்திரிகிட்ட குடுங்க மிஸ்.”

கொடுத்தேன். நெடுமாறனின் குரல் ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

“தூணப் போட்டுடுங்க பாய். ரெண்டையும் போடுங்க. அந்தப் பக்கம் நின்னாலும் இந்தப் பக்கம் நின்னாலும் நம்ம வீடுதானே.”

பொன்னுத்தாய் வாய்விட்டு அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. மேஸ்திரி என்ன நினைப்பார் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அவர் சிறிது நேரம் முட்டுகளைச் சுற்றி நடந்துவிட்டு, பழக்கதோஷத்தில் அந்தக் காகிதத்தை விரித்து என்னிடம் நீட்டினார்.

“தூண எவ்வளவு கனத்துல போடலாம் டீச்சரம்மா? இந்த வெடிச்ச தளத்த வச்சுக்கலாமா, இடிச்சுடலாமா?”

செம்மொழியும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன். “தெரிஞ்ச எஞ்சினியரக் கூட்டிட்டு வந்து காட்டுங்க.”